நகரும் அறையும் வெப்பக் காவலனும்

திரைப்படப் படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நடிகர் நடிகையர் தங்கி ஓய்வெடுக்கும் ‘கேரவன்’ வண்டியை நம்மில் பலர் தொலைவில் நின்றேனும் பார்த்திருக்கிறோம். சக்கரங்களின் மேல் ஏற்றி வைத்த சிறு வீடு அது. மேலை நாடுகளில் இத்தகைய வண்டியிலேயே மாதக்கணக்கில் ஊர் சுற்றுவோர் உண்டு. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை வகுத்தது. இந்த நகரும் வீட்டினுள் வெப்பத்தை அடக்கி ஆள ‘ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்’ என்னும் கருவி இப்போது விற்பனையில் இருக்கிறது. கைப்பேசியில் 24 டிகிரி என்று குறித்துவிட்டால் போதும், மற்றதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்பது விற்போர் வாக்கு. அந்த வாக்கை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இயற்பியல் கொண்டு சற்று உரசிப் பார்ப்போம்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர், “கேரவனுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வடமாநிலங்களுக்குப் புறப்படும் லாரிகளைக் கவனியுங்கள். ஓட்டுநரும் அவருடைய துணையாளும் நாட்கணக்கில் அந்தக் கேபினுக்குள்ளேயே உட்கார்ந்து, உண்டு, உறங்கி எழுகிறார்கள். நம் ஊர் மோட்டார் வீடு அதுதான். 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகள் 1.10.2025 முதல் தயாரிக்கப்படுமானால், ஓட்டுநர் கேபினில் குளிர்சாதனம் இருந்தே தீர வேண்டும் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது. மனிதன் வேலை செய்யும் இடத்தின் வெப்பத்தைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டது வரவேற்கத்தக்கதே. ஆனால் சட்டமும் சரி, ஸ்மார்ட் கருவி விற்போரும் சரி, ‘வெப்பம்’ என்றவுடன் ஓர் எண்ணை மட்டுமே நினைக்கிறார்கள். குறை அங்கேதான் தொடங்குகிறது.

தெர்மோஸ்டாட் என்பது புதுச்சரக்கு அன்று. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கார்னேலிஸ் டிரெபெல் என்ற டச்சு நாட்டவர், முட்டை பொரிக்கும் பெட்டியின் சூட்டைத் தானே சீராக்கிக்கொள்ளும் அமைப்பு ஒன்றைச் செய்தார். 1830இல் ஆண்ட்ரு யூர் இரண்டு உலோகங்களை ஒட்டி, வெப்பத்தால் வளையும் பட்டையைக் கொண்டு இத்தகைய கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார், பெயரிட்டவரும் அவரே. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியில் ‘டிக்’ என்று ஓசையிடுவது அந்தப் பட்டையின் வழித்தோன்றல்தான். 1883இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாரன் ஜான்சன் என்பவர் அறைக்கான மின் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் ஓர் ஆசிரியர். வெப்பமானியைப் பார்ப்பதற்காகப் பணியாள் அடிக்கடி வகுப்புக்குள் நுழைந்து பாடத்தைக் கெடுத்ததே அவரை இந்த வேலையில் இறக்கியது என்பார்கள். வகுப்பு நடத்துகிற யாருக்கும் அந்த எரிச்சல் புரியும்!

இவை அனைத்துக்கும் தத்துவம் ஒன்றே. அறையின் வெப்பநிலையை அளந்து, வேண்டிய அளவோடு ஒப்பிட்டு, மிகுந்தால் இயந்திரத்தை ஓட்டுவது, குறைந்தால் நிறுத்துவது. இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். 2011இல் அமெரிக்காவில் ‘நெஸ்ட்’ என்னும் கருவி வந்தபோது இதனுடன் இன்னொன்றும் சேர்ந்தது. வீட்டார் எப்போது எழுகிறார்கள், எப்போது வெளியே போகிறார்கள் என்பதைச் சில நாட்கள் கவனித்து, அதற்கேற்ப முன்கூட்டியே இயந்திரத்தை இயக்கும் திறமைதான் அது. ‘ஸ்மார்ட்’ என்ற அடைமொழிக்குப் பொருள் இதுவே. கவனிக்க வேண்டிய செய்தி என்னவென்றால், இந்தத் திறமை நிலையாக ஓரிடத்தில் நிற்கும் வீட்டிடமிருந்து கற்றது.

வீடு வேறு, வண்டி வேறு. எவ்வளவு வேறு என்பதற்கு ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். 12 அடிக்கு 10 அடி அளவுள்ள ஒரு செங்கல் அறையின் சுவரும் கூரையும் ஏறத்தாழ 20 டன் எடை இருக்கும். அவற்றை 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 17,000 கிலோஜூல் தேவை. லாரிக் கேபினின் தகடு, கண்ணாடி, இருக்கை எல்லாம் சேர்ந்து 400 அல்லது 500 கிலோ என்று கொண்டால், 1 டிகிரிக்கு 250 கிலோஜூலே போதும். எழுபதில் ஒரு பங்கு! உள்ளே அடைபட்ட 4 கனமீட்டர் காற்றுக்கோ 5 கிலோஜூல்கூட வேண்டியதில்லை. இனி வெயிலைப் பார்ப்போம். தெளிந்த வானத்தில் சூரியனை நேர்நோக்கும் 1 சதுரமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் விழுகிறது. லாரியின் முன்கண்ணாடி 2 சதுரமீட்டர் என்றும், சாய்வினாலும் கண்ணாடியின் தடையாலும் பாதியே உள்ளே புகுகிறது என்றும் வைத்துக்கொண்டாலும் 1 கிலோவாட் வெப்பம் கேபினுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கிறது. போதாக்குறைக்குப் பல வண்டிகளில் எஞ்சின், ஓட்டுநரின் காலடியிலோ பக்கத்திலோ உட்கார்ந்து கொதிக்கிறது.

ஆகவே வீட்டில் மணிக்கணக்கில் நடக்கும் மாற்றம் வண்டியில் நிமிடங்களில் நடந்துவிடும். வண்டி மேற்கே திரும்பினால் ஒரு வெப்பநிலை. புளியமர நிழலில் நின்றால் வேறொன்று. நேற்றைய பழக்கத்தைக் கொண்டு இன்றைய தேவையைக் கணிக்கும் கருவிக்கு இங்கே கணிப்பதற்கு எதுவுமே இல்லை. சாத்தூரில் கற்ற பாடம் நாக்பூரில் செல்லாது. வீட்டுக்கென அமைத்த கருவியை அப்படியே வண்டியில் பொருத்தினால், கம்ப்ரசர் அடிக்கடி ஓடுவதும் நிற்பதுமாகத் தள்ளாடித் தேய்ந்து போகும். இதை அறிந்த நல்ல தயாரிப்பாளர்கள், ஒருமுறை நின்ற கம்ப்ரசர் சில நிமிடங்கள் கழிந்தே மீண்டும் ஓடும்படி தடை வைத்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தெர்மோஸ்டாட் அளப்பது தன்னைத் தொடும் காற்றின் வெப்பநிலையை மட்டுமே. மனித உடல் அப்படி அன்று. அது காற்றோடு மட்டுமன்றிச் சுற்றியுள்ள ஒவ்வொரு பரப்போடும் கதிர்வீச்சின் மூலம் கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. மே மாத நண்பகலில் வண்ணம் பூசிய கூரைத்தகடு 60 டிகிரியைத் தொட்டிருக்க, அதன்கீழ் இருப்பவரின் தோல் 35 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதியில் இவ்விரண்டு எண்களையும் போட்டுப் பார்த்தால், அந்தக் கூரை தோலின் ஒவ்வொரு சதுரமீட்டருக்கும் ஏறக்குறைய 190 வாட் வரை தள்ள முடியும் என்று தெரியும். காற்று குளிர்ந்திருக்கும், கருவி 24 என்று காட்டும், தலையோ கொதிக்கும். “ஏ.சி. ஓடுது, ஆனா எரியுது” என்று ஓட்டுநர் சொன்னால் அது வெறும் முணுமுணுப்பு ஆகாது, பிழையற்ற இயற்பியல் கூற்று.

இதை அறிவியலார் நெடுநாளாக அறிவார்கள். 1950களில் அமெரிக்கக் கடற்படைத் தரைப்படையினர் பயிற்சியின்போது வெயிலால் சுருண்டு விழுந்ததைத் தொடர்ந்து ஓர் அளவுமுறை உருவாயிற்று. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவுக்கு 70 விழுக்காடு, கருநிற உருண்டைக்குள் வைத்த வெப்பமானிக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10 என்று எடை கொடுத்துக் கூட்டுவார்கள். தெர்மோஸ்டாட் நம்பியிருக்கும் காற்று வெப்பநிலைக்கு அங்கே கிடைத்த மதிப்பு பத்தே விழுக்காடு!

விலை மலிவான வண்டி ஏ.சி.யில் நிலைமை இன்னும் வேடிக்கையானது. அதிலுள்ள தெர்மோஸ்டாட் பெரும்பாலும் கேபினையே அளப்பதில்லை. குளிர்ச்சுருளின் மேல் பனி உறைந்து காற்றை அடைத்துவிடாமல் காப்பதே அதன் வேலை. காவலன் இயந்திரத்தைக் காக்கிறான். ஆளைக் காப்பது ஓட்டுநரின் கை திருகும் குமிழ்தான்.

இதுவரை சொன்னது வசதிக் குறைவைப் பற்றி. இனி உயிரைப் பற்றிப் பேச வேண்டும். 2024 டிசம்பர் 23 அன்று, கேரளத்தில் வடகரைக்கு அருகே சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு, வண்டித் தளத்தில் இருந்த துளை வழியாக உள்ளே புகுந்ததே காரணம் என்று, கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் சோதனை செய்து கண்டார்கள். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்தோடு அதைப் பற்றிக்கொள்கிறது. உறங்குபவர் விழித்தெழாமலேயே போய்விடுவார்.

தெர்மோஸ்டாட்டுக்கு இதில் எதுவும் தெரியாது. அறை இதமாக இருக்கிறது என்பதே அதன் அறிக்கையாக இருக்கும். வெளிநாட்டு மோட்டார் வீடுகளில், உள்ளே சூடேறினால் ஜெனரேட்டரைத் தானாகவே ஓட்டிவிடும் ஏற்பாட்டை ஸ்மார்ட் கருவியோடு இணைக்கிறார்கள். ஆள் உறங்கும்போது, யாரும் தொடாமலே, புகை கக்கும் எஞ்சின் ஒன்று தொடங்குகிறது என்பது இதன் பொருள். விளம்பரம் இதைச் சிறப்பம்சமாகக் கூறுகிறது; எனக்கோ இது அச்சமூட்டுகிறது.

லாரியில் ஜெனரேட்டர் இல்லையே என்று நிம்மதி கொள்ள முடியாது. வண்டியின் ஏ.சி. கம்ப்ரசரை எஞ்சின்தான் பெல்ட் மூலம் சுழற்றுகிறது. எஞ்சின் நின்றால் குளிர்ச்சியும் நின்றுவிடும். ஆனால் ஓட்டுநர் உறங்குவது வண்டி நிற்கும்போதுதானே! எஞ்சினை ஓடவிட்டே உறங்கினால் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் டீசல் செலவாகும். புகையின் ஆபத்தும் கூடவே வரும். ஜன்னல்களை இறுக மூடி, காற்றைச் சுழலவிட்டு இருவர் படுத்தால், அவர்கள் விடும் மூச்சாலேயே கார்பன் டை ஆக்சைடு ஒரு மணி நேரத்தில் அரை விழுக்காட்டைத் தாண்டக்கூடும். காலையில் தலைவலியோடு எழுந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பார்கள்.

இதற்கு மாற்றாக, பேட்டரியில் ஓடும் ‘பார்க்கிங் ஏ.சி.’ கடைகளில் விற்கிறது. 24 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரித் தொகுப்பில் பாதியைத்தான் பயமின்றிச் செலவிடலாம். அதாவது 1,800 வாட்-மணி. 600 வாட் இழுக்கும் ஏ.சி. அதில் 3 மணி நேரம் ஓடும். பாதி இரவிலேயே அடங்கிவிடும். அதுகூடப் பரவாயில்லை. 600 வாட்டை 24 வோல்ட்டில் எடுத்தால் மின்னோட்டம் 25 ஆம்பியர். வீட்டு விளக்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை, போக வரப் பத்து மீட்டர் இழுத்து இதற்கு இணைத்தால், கம்பியிலேயே 70 வாட் வெப்பம் பிறக்கும். அதே 600 வாட் வீட்டில் 230 வோல்ட்டில் ஓடினால் அதே கம்பியில் 1 வாட்டுக்கும் குறைவு. இரண்டுக்கும் 90 மடங்கு வேறுபாடு! மலிவுக்கு வேலை செய்யும் மெக்கானிக் அந்தக் கம்பியை இருக்கைக்கு அடியில் செருகிவிட்டுப் போகிறார். இருக்கைக்குப் பின்னால், ஒரே ஒரு தடுப்புக்கு அப்பால், பட்டாசுப் பெட்டிகள்.

மருந்து கலக்கும் அறைக்குள் மின்கம்பியே வராமல் பார்த்துக்கொண்டு, அந்த வேலையை வெயில் ஏறுமுன் காலைக் குளிர்ச்சியிலேயே முடித்துவிடும் வழக்கம் உள்ள ஊர் இது. வெப்பத்தை இயந்திரத்தால் வெல்ல முடியாத இடத்தில் நேரத்தாலும் வேப்ப மரத்தாலும் வெல்லலாம் என்று அந்தத் தொழிலாளர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அதே சரக்கு லாரியில் ஏறியவுடன் இந்த எச்சரிக்கையெல்லாம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஸ்மார்ட் கருவியால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. பூட்டிய வண்டிக்குள் வெப்பம் எல்லை மீறினால் தொலைவிலிருப்பவரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புவது நல்ல உதவி. அதுவும் செல்போன் கோபுரம் எட்டும் இடத்தில்தான். ஆனால் அதற்குக் கொடுக்கும் பணத்தில் முதலில் செய்ய வேண்டியவை வேறு. கூரைக்கு வெள்ளை வண்ணம், தகட்டுக்கு அடியில் எளிதில் தீப்பற்றாத வெப்பத்தடுப்பு, வண்டி நிற்கும்போது முன்கண்ணாடியின் வெளிப்புறம் போர்த்த ஒரு வெள்ளைத் துணி. கண்ணாடிக்கு உட்புறம் திரை போட்டால் உள்ளே வந்துவிட்ட வெயிலைத்தான் தடுக்கிறோம். வெளியே போட்டால் வரவே விடுவதில்லை. கரிசல் காட்டுக் கோடைக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. காற்று 40 டிகிரியும் ஈரப்பதம் 30 விழுக்காடுமாக இருக்கும் பிற்பகலில் ஈரத்துணி வெப்பமானி 26 டிகிரி அளவில்தான் நிற்கும். ஈர வெட்டிவேர்த் தட்டியும் சிறு மின்விசிறியும் 40 வாட்டுக்குள் தரக்கூடிய குளிர்ச்சி அது. ஐப்பசி மழைக்காலத்தில் மட்டும் இந்த உத்தி பலிக்காது.

மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். டேபிள் டென்னிஸ் பந்து ஒன்றில் துளையிட்டு, பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் பூசி, வெப்பமானியின் முனையை உள்ளே செருகுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இதையும், வெயில் நேராகப் படாதபடி மறைத்த மற்றொரு வெப்பமானியையும் தொங்கவிட்டு, வெளியே நின்று கண்ணாடி வழியாக அளவெடுங்கள். மூடிய வண்டிக்குள் உட்காரக் கூடாது. பிறகு முன்கண்ணாடியின் மேல் துணியைப் போர்த்தி அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். காற்றின் அளவைவிடக் கறுப்புப் பந்தின் அளவு எவ்வளவு கூடுதலாக இறங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேபினிலோ கேரவனிலோ உறங்குவோர் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி ஒன்றைத் தெர்மோஸ்டாட்டோடு தொடர்பில்லாமல், தனி பேட்டரியில் இயங்கும்படி வைத்துக்கொள்வது அவசியம். அந்த வாயு காற்றைவிட மிகச் சிறிதளவே இலேசானது என்பதால் கூரைக்கும் போகாமல் தரையிலும் தங்காமல் எங்கும் கலந்து நிற்கும். மணியைப் படுப்பவரின் தலைமாட்டு உயரத்தில் மாட்டினால் சரியாக இருக்கும்.