படகு மேடேறும் பிங்லி

லண்டனில் எதை வேண்டுமானாலும் பாருங்கள், சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் யார்க்‌ஷரில் பிங்லி என்ற சின்ன ஊரைப் பார்க்காமல் விமானம் ஏறிவிடாதீர்கள். அங்கே படகுகள் மேடேறுகின்றன. வாடகைப் படகின் முனையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் அப்படி ஏறியிருக்கிறேன். கேட்கிறவர் யாரானாலும் பிடித்துவைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று நீங்கள் அகப்பட்டீர்கள்.

லீட்ஸையும் லிவர்பூலையும் இணைக்கிற கால்வாய் 127 மைல் நீளம். பிங்லிக்கு வரும்போது நிலம் சட்டென்று எழும்பிவிடுகிறது. சுற்றிப்போக வழியில்லை. ஜான் லாங்பாதம் என்ற பொறியாளர் ஐந்து லாக்குகளை இடைவெளியே விடாமல் படிக்கட்டாக அடுக்கிவிட்டார். சுமார் 98 மீட்டர் நீளத்துக்குள் 18 மீட்டர் உயரம்! கட்டியவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்துக் கொத்தனார்கள். 1774 மார்ச்சில் திறந்தபோது வேடிக்கை பார்க்க 30,000 பேர் திரண்டார்களாம். முதல் படகு 28 நிமிடத்தில் கீழே இறங்கிவிட்டதாம். பிரிட்டனில் இதைவிடச் செங்குத்தான லாக் வரிசை இன்றும் கிடையாது.

லாக் என்றால் இரண்டு முனையிலும் கதவு வைத்த கல்தொட்டிதான். படகு உள்ளே போனதும் கீழ்க்கதவைச் சாத்தி, மேலேயிருந்து தண்ணீர் விட்டால் படகு தானாக உயரும். மோட்டார் கிடையாது, பம்பும் கிடையாது. வேறு இடங்களில் ஒரு லாக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் கால்வாய் இருக்கும், மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பிங்லியில் அந்தச் சலுகை இல்லை. வரிசை வீடுகளுக்கு நடுவில் பொதுச்சுவர் இருக்குமே, அப்படி ஒரு தொட்டியின் மேல்கதவுதான் அடுத்த தொட்டியின் கீழ்க்கதவு. மேலே ஏற வேண்டுமென்றால் அடித்தொட்டி காலியாகவும் மற்ற நான்கும் நிரம்பியும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனக்கு மேலே உள்ளதிலிருந்துதான் தண்ணீர் வாங்கும். இறங்குவதற்குக் கணக்கு தலைகீழ்: உச்சித்தொட்டி மட்டும் நிரம்பியிருக்க வேண்டும். இந்த வரிசை பிசகினால் ஓரிடத்தில் வெள்ளம் வழியும், இன்னோரிடத்தில் படகு தரைதட்டும்.

அதனால்தான் அங்கே லாக் கீப்பர் இருக்கிறார். அவர் சொல்லாமல் யாரும் மதகைத் தொடுவதில்லை. என்ன நிதானம் அந்த மனிதருக்கு! விண்ட்லஸ் என்கிற வளைந்த இரும்புக் கைப்பிடியை நம் கையில் கொடுத்து, எந்த மதகை எத்தனை சுற்று திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்த கதவுக்கு நடந்துவிடுகிறார். சுற்றச் சுற்ற, உள்ளே தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்கிறது. பாசி படிந்த கறுப்புச் சுவர் நம் கண்ணெதிரே கீழே கீழே போகிறது. முகத்தில் சாரல் அடிக்கிறது. அப்புறம் இரண்டு பக்கமும் நீர்மட்டம் சமமாகும். அதுவரை யானை வந்து இழுத்தாலும் அசையாத ஓக் கதவை, அதன் நீண்ட கட்டையில் முதுகைச் சாய்த்துத் தள்ளினால் மெல்லத் திறக்கிறது. அந்தக் கணத்துக்காகவே இன்னொரு முறை கீழே போய் ஏறி வரலாம் என்று தோன்றியது. என் கூட வந்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

இறங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேல்கதவின் அடியில் தண்ணீருக்குள் ஒரு கல்விளிம்பு மறைந்திருக்கிறது. மட்டம் இறங்கும்போது படகின் பின்பகுதி அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் முன்பகுதி கவிழ்ந்துவிடும். படகை முன்னால் தள்ளியே வைத்திருங்கள். படகை வாடகைக்கு எடுக்கும்போதே நீளத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். இங்குள்ள லாக்குகள் சுமார் 62 அடிப் படகுக்கு அளவெடுத்துக் கட்டியவை. 70 அடிப் படகுக்கு இங்கே வேலையில்லை.

உச்சிக்கு வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். ஏர் ஆற்றின் பள்ளத்தாக்கு, ஆலைப் புகைபோக்கி, நாம் ஏறிவந்த ஐந்து தொட்டிகள் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடங்கும். எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம் பக்கத்தில் இருந்தது: படகுக்காரர்களுக்கான வசதிக் கட்டடம். சிரிக்காதீர்கள். படகிலேயே குடியிருந்து பார்த்தால்தான் தெரியும், குடிதண்ணீர்க் குழாய் எப்பேர்ப்பட்ட செல்வம் என்று. படகின் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம், கழிவறைப் பெட்டியைக் காலிசெய்து அலசலாம், குப்பையைப் போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வெந்நீர்க் குளியல்! படகின் குளியலறையில் முழங்கை இடிக்காமல் சோப்புப் போட முடியாது. இங்கே கையை நீட்டிக் குளிக்கலாம். நாடெங்கும் கால்வாய் வசதிகளைத் திறக்கிற ஒரே மாதிரிச் சாவி படகுக்காரர்களிடம் இருக்கிறது. இந்தக் கதவும் அதற்குத்தான் திறக்கிறது. அந்தச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியலாம் போல எனக்குப் பெருமையாக இருந்தது.

குழாயடி எங்கேயும் குழாயடிதான். தொட்டி நிரம்புகிற வரை வேறு வேலையில்லை, பேச்சுதான். எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் படகைக் கட்ட இடம் கிடைக்கும், யார் படகில் எஞ்சின் மக்கர் செய்கிறது எல்லாம் அங்கே தெரிந்துவிடும். ஆண்டு முழுவதும் படகிலேயே வாழும் ஒரு வயதான தம்பதி எங்கள் அடுப்புக்கு எந்தக் கரி நல்லது என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தார்கள். பக்கத்திலேயே சின்னக் காபிக் கடையும் இருக்கிறது. கேக் துண்டு கைகொள்ளாத அளவு பெரிசு. லாக் உச்சியிலிருந்து கார்க்ரேவ் என்ற ஊர் வரை சுமார் 17 மைலுக்கு ஒரு லாக்கும் இல்லாத சமதளத் தண்ணீர். சுழல்பாலங்கள் மட்டும் குறுக்கே வரும்.

படகு இல்லாதவர்கள் லீட்ஸிலிருந்து ஸ்கிப்டன் போகும் ரயிலில் பிங்லியில் இறங்கி, கால்வாயோரப் பாதையில் நடந்தால் போதும். வழியில் மூன்று லாக் வரிசை ஒன்று வரும். அதையே ஐந்து என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள், இன்னும் கொஞ்சம் நடங்கள். கோடைக்காலக் காலைப்பொழுது நல்லது, படகுகள் வரிசையாக வரும். கேமராவை அப்புறம் எடுக்கலாம். முதலில் கதவுக் கட்டையைத் தள்ள ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் வேண்டும் என்பார்கள்.