கலைவீதியும் ஏலக்கடையும்

சிற்றூரில் கலைஞர்களுக்கென ஒரு வீதியை ஒதுக்கிவிட்டால் ஊரின் வறுமை ஓடிப்போகும் என்னும் பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. அப்பேச்சைத் திருநள்ளாற்றில் வைத்து உரசிப் பார்க்க விரும்புகிறோம். பிற ஊர்கள் ஏங்கியும் பெறாத ஒன்று, வாங்கும் கூட்டம், அவ்வூருக்கு முன்பே வாய்த்திருக்கிறது.

காரைக்காலுக்கு மேற்கேயுள்ள அச்சிற்றூரின் சனீஸ்வரன் சந்நிதிக்குச் சனிக்கிழமைதோறும் ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். 2023 டிசம்பரில் நிகழ்ந்தது போன்ற சனிப்பெயர்ச்சிக் காலங்களில் கூட்டம் இலட்சங்களைத் தொடுகிறது. புதுச்சேரி அரசும் அவ்வூரைக் கோயில் நகரமாக்கத் திட்டம் வகுத்தது. ஆனால், வருகிறவர் செய்வதென்ன? நல்லெண்ணெய் தேய்த்து நளதீர்த்தத்தில் முழுகுகிறார். உடுத்திய துணியை அங்கேயே களைகிறார். வழிபட்டுவிட்டு அடுத்த பேருந்தில் ஏறுகிறார். ஊருக்கு மிஞ்சுவது பழந்துணி. அவர் கையோடு செல்வது எங்கோ ஓர் ஆலையில் வார்த்த பொம்மை. (நம் நாகூரிலும் கந்தூரி நாட்களில் நிலைமை பெரிதும் வேறன்று.)

இக்குறைக்குக் கலைவீதி மருந்தாகலாம் என்பதை மறுக்கவில்லை. மருந்தை எவர் கையில் கொடுப்பது என்பதே வழக்கு.

இத்தகைய முயற்சிக்குச் சென்னையை அடுத்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை எடுத்துக்காட்டுவது வழக்கம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் அது தோன்றியது. அரசு கட்டிக் கொடுத்ததன்று. ஓவியத்தை மட்டும் நம்பினால் உலை கொதிக்காது என்றறிந்த அவர்கள், பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அப்பணத்தில் நிலம் வாங்கினர். ஜே. சுல்தான் அலி போன்ற பெருங்கலைஞர் அங்கு வாழ்ந்து வரைந்தார். நிலம் சொந்தமாயிருந்தது, ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனைவிலை வானளாவிய பின்னும் கிராமம் நிலைத்தது. வாடகைக்கு இருந்திருந்தால் என்றோ கலைந்திருக்கும். எனினும், அது கலைஞர் வாழத் தோன்றியது. ஊரை வளர்க்கத் தோன்றியதன்று. அதைக் காட்டி ஊர்ப் பொருளாதாரம் பேசுவோர் இதை மறக்கின்றனர்.

மற்றொரு பக்கம் பத்தமடை. தாமிரபரணிப் பகுதிக் கோரையை நீரில் பல நாள் ஊறவைத்து, நூல்போல் கிழித்து, மணமக்கள் பெயரையும் பாயிலேயே நெய்துவிடும் கைகள் பெரும்பாலும் நம் சமுதாயப் பெண்களுடையவை. 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கு அப்பாய் சென்றது. பின்னாளில் புவிசார் குறியீடும் கிடைத்தது. புகழுக்குக் குறைவில்லை. ஆயினும் இளம்பெண்கள் தறியருகே வரத் தயங்குகின்றனர். நாட்கணக்கான உழைப்புக்குக் கிடைப்பது சொற்பம். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கத்தினர் நாம். பாய் நெய்பவளின் கூலியைப் பற்றி எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறோம்?

சீர்காழிக்கு வடக்கே, கொள்ளிடத்தை ஒட்டிய தைக்காலை எடுத்துக்கொள்வோம். சாலையோரம் பிரம்பு நாற்காலிகளும் ஊஞ்சல்களும் வரிசையாக நிற்கும். பிரம்பு வெளிமாநிலத்தது, கைவேலை ஊராருடையது. யாரும் அதற்குக் கலைவீதி என்று பெயர்ப்பலகை நாட்டவில்லை. பின்னுவதைக் கண்டு, விலை பேசி, வழிப்போக்கர் வாங்கிச் செல்கின்றனர்.

திருநள்ளாற்றில் இல்லாதது இதுதான். கற்றுக்கொள்ள நெடுந்தூரம் போக வேண்டியதுமில்லை. அதே ஒன்றியப் பகுதியில் வில்லியனூர்ச் சுடுமண் வேலையும் திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றவை. வில்லியனூர்க் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அத்தகைய ஆசான் ஒருவரை ஓராண்டு அமர்த்தி இளைஞர் இருபது பேருக்குப் பயிற்சியளிக்கும் செலவு, ஓர் அலங்கார வளைவின் செலவை எட்டாது என்பது நம் கணிப்பு.

பயிற்சிக்குப் பின் கடை வேண்டும். அங்கேதான் எல்லாத் திட்டமும் சறுக்குகிறது. பொதுக்கடைகளை ஏலத்தில் விடுவது நம் நாட்டு வழக்கம். கோயில் கடைகளானாலும் வக்ஃபுக் கடைகளானாலும், ஏலத்தில் விலையை உயர்த்துபவன் மொத்த வியாபாரியே. களிமண் பிசைந்த கையால் அது இயலாது. கொம்யூன் பஞ்சாயத்து பத்துக் கடைகளையேனும் ஏலத்திலிருந்து விலக்கி, செய்பவர் பெயரிலேயே நீண்டகாலக் குத்தகைக்கு எழுதித்தர வேண்டும். முதலுக்கு அரசின் வாசலில் மட்டுமே நிற்க வேண்டாம். பிரான்சிலும் வளைகுடாவிலும் ஈட்டிய பணத்தைக் காரைக்கால் பகுதி முஸ்லிம் குடும்பங்கள் மனைகளிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளிலும் புதைக்கின்றன. அதில் ஒரு சிறுபங்கு, வட்டியின்றி இலாப நட்டத்தில் பங்கேற்கும் கூட்டு முதலாக அப்பட்டறைகளுக்குப் போகலாம். காரைக்கால் ஜமாஅத்துகள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசத் தொடங்கலாம்.