கண்டிப் பக்கத்துப் புதிய கதைகள்: பேச்சும் பக்கத்து வீடும்

இலங்கையின் முதல் தமிழ் நாவலை எழுதியவர் கண்டியைச் சேர்ந்தவர். அறிஞர் சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை' 1885இல் வெளிவந்தது. இலக்கியக் கூட்டங்களில் இதை நாம் சொல்லாமல் விடுவதில்லை. அந்த நாவலுக்குள் கண்டி இல்லை என்பதை மட்டும் அவ்வளவாகச் சொல்வதில்லை. கதை எகிப்தில் தொடங்கி, இந்தியாவுக்கு வந்து, திரும்பவும் எகிப்துக்குப் போகிறது. இதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. 1883இல் நாடுகடத்தப்பட்டு வந்த அறபி பாஷா கொழும்பிலும் பின்னர் கண்டியிலும் வாழ்ந்தார். அந்தக் காலத்து முஸ்லிம் வாசகருக்கு எகிப்து இன்றைய அளவுக்குத் தூரமாக இருந்திருக்காது.

ஆனால் நூற்று முப்பது வருடங்களுக்குப் பிறகும் எங்கட கதைகளில் கண்டி வருவதில்லை என்றால், அதற்குச் சொல்ல என்ன காரணம் இருக்கிறது? ஊர்ப் பெயர்கள் வருகின்றன. திகன வருகிறது, மடவளை வருகிறது, அக்குறணை வருகிறது. பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கல்முனை என்று போட்டாலும் கதை அப்படியே நிற்கும்.

கடந்த சில வருடங்களாக இந்தப் பக்கத்தில் புதிதாக எழுதுகிறவர்களின் சிறுகதைத் தொகுதிகளை, கையில் கிடைத்தவரைக்கும் வாசித்து வருகிறேன். பெரும்பாலானவை சொந்தச் செலவில் போட்டவை. ஆசிரியர்கள், மௌலவிமார், வீட்டிலிருக்கும் பெண்கள், உயர்தரம் முடித்த பிள்ளைகள் எழுதியவை. எண்பது பக்கத் தொகுதி ஒன்றில் இருபது பக்கத்தை அணிந்துரையும் வாழ்த்துரையும் பிடித்துக்கொள்ளும். அதைத் தாண்டிக் கதைக்கு வந்தால், எழுதவேண்டும் என்ற தவிப்பு உண்மையானது என்பது தெரிகிறது. அதனால்தான் இவற்றை 'ஆரம்ப முயற்சி' என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

முதலாவது பேச்சு. கலவர இரவில் எங்கட உம்மா ஒருத்தர் எப்படிப் பேசுவார்? "கடையப் பத்த வச்சிட்டாங்களாம், வாப்பா இன்னம் வரல்ல" என்பார். கதைக்குள் வரும் உம்மாவோ "எமது வர்த்தக நிலையத்திற்குத் தீ வைத்துவிட்டார்களாம், உன் தந்தை இன்னும் இல்லம் திரும்பவில்லை" என்கிறார். நெருப்பு எரியும்போது இலக்கணம் பார்த்துப் பேசும் உம்மாவை நான் இதுவரை கண்டதில்லை. எழுதுகிறவருக்கு அந்தப் பேச்சு தெரியாமலில்லை. போட்டி நடுவர்களும் சில பத்திராதிபர்களும் பேச்சுமொழியைப் பிழை என்று திருத்தித் திருத்தி, அச்சில் வரத் தகுதியற்ற மொழி அது என்று நம்பவைத்துவிட்டார்கள்.

இதே வேலையைத் தெற்கில் திக்குவல்லை கமால் வேறுவிதமாகச் செய்திருக்கிறார். தென்னிலங்கை முஸ்லிம்களின் பேச்சு அவருடைய கதைகளால் அச்சுக்கு ஏறியது. ஓட்டமாவடிப் பக்கத்து எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை' தொகுதியைத் திறந்தால் கிழக்கின் பேச்சு காதில் விழும். சாய்ந்தமருது ஆர்.எம். நௌஷாத்தின் 'நட்டுமை'யில் வயலோடும் நீரோடும் கிடக்கிற வாழ்வின் சொற்கள் அப்படியே வருகின்றன. மலைநாட்டு வாசகருக்குச் சில சொற்கள் விளங்காது. விளங்காவிட்டாலும் அந்த மனிசரை விளங்குகிறது. கிழக்குக்கும் தெற்குக்கும் கிடைத்த இந்தக் காது கண்டிப் பக்கத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.

எங்கட பேச்சில் இன்னுமொரு விசயம் இருக்கிறது. அது பாதி சிங்களத்தோடு கலந்து நடப்பது. வீட்டில் யாரும் 'பௌத்த விகாரை' என்பதில்லை, 'பன்சல' என்கிறோம். பிக்குவை 'ஹாமதுரு' என்கிறோம். கடைக்கு வரும் சிங்களப் பெண் எங்கட ஆம்பிளையை 'நானா' என்று கூப்பிடுவார். அது எங்கட சொல். வேலி தாண்டிப்போய் அவர்களுடைய வாயிலும் இருக்கிறது. கோபம் வந்தால் அதே ஆளைத் 'தம்பியா' என்று சொல்லும் வாய்களும் உண்டு. 'நானா' எந்த நாளில், யாருடைய வாயில் 'தம்பியா' ஆனது என்ற ஒன்றை வைத்தே 2018ஐப் பற்றி ஒரு கதை எழுதலாம். நான் வாசித்தவற்றில் சிங்களப் பாத்திரம் எல்லாம் சுத்தத் தமிழில் பேசுகிறது. அதற்கு இரண்டு வகைதான் உண்டு. ஒன்று தீவைக்க வரும் கும்பல், மற்றது கடைசியில் வந்து காப்பாற்றும் நல்ல பண்டா. இருபது வருடமாகப் பக்கத்து வீட்டிலிருந்து, அன்றைக்குக் கதவைத் திறக்கவும் முடியாமல் பூட்டவும் முடியாமல் நின்ற மனிசன் எந்தக் கதைக்குள்ளும் வரவில்லை.

இரண்டாவது, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். இந்தக் கதைகள் எல்லாம் மார்ச் 5ஆந் திகதி தொடங்குகின்றன. அன்றுதான் திகனயில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் எங்கட இளைஞர் ஒருவர் மவுத்தானார். மறுநாள் நாடு முழுக்க அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. ஆனால் பெப்ரவரி 22ஆந் திகதி தெல்தெனியவில் என்ன நடந்தது? வீதியில் ஏற்பட்ட ஒரு தகராறில் முஸ்லிம் இளைஞர்கள் சிலர் சிங்கள லொறிச் சாரதி ஒருவரைத் தாக்கினார்கள். அவர் மார்ச் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்தத் தாக்குதல் ஓர் ஊரையே எரித்ததற்கு நியாயமாகாது. வெளியூரிலிருந்து ஆள் திரட்டியதும் முகப்புத்தகத்தில் வெறுப்பைப் பரப்பியதும் வேறு கதை. அதற்காக மரணத்தோடு கிடந்த ஒரு மனிசனின் அந்தச் சில நாட்களை எங்கட கதைகள் தாண்டிக் குதிக்கலாமா? அறிக்கை எழுதுகிற அமைப்புக்கு அது தேவைப்படலாம். கதாசிரியருக்கு அப்படி ஒரு தேவை கிடையாது. அந்த இளைஞர்களில் ஒருவனின் உம்மா அந்த நாட்களை எப்படிக் கழித்திருப்பார் என்று கேட்கிற கதைக்குத்தான் பெரிய இடம் காலியாகக் கிடக்கிறது.

இதற்கு எங்கட சமூகத்துக்குள்ளேயே முன்மாதிரி உண்டு. நௌஷாத்தின் இன்னொரு நாவல் 'கொல்வதெழுதுதல் 90'. தலைப்பைக் கேட்டதும் எந்த ஆசிரியருக்கும் சிரிப்பு வரும். ஆரம்ப வகுப்பில் நாம் செய்விக்கும் 'சொல்வதெழுதுத'லில் ஒரேயொரு எழுத்தை மாற்றியிருக்கிறார். 1990 என்பது காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்ட, வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட வருடம். அந்த வருடத்தை ஒரு கிராமத்துக்குள் வைத்து எழுதும்போது, சமூகத்தின் உள் அரசியலையும் சின்னத்தனங்களையும் சேர்த்தே அவர் எழுதுகிறார். பாதிக்கப்பட்டவர்களை மலக்குகளாக ஆக்கவில்லை. அதனால் அவர்களுடைய பாதிப்பு குறைந்துபோகவுமில்லை.

இடம் என்று வந்தால் தெல்தெனியவுக்குச் சொல்வதற்கு வேறொன்றும் உண்டு. 1985இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரமே நீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர் இறங்கினால் பழைய கட்டிடச் சுவர்கள் தலைகாட்டும். சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே நீருக்கு ஊரை இழந்து மேலே ஏறிவந்து கட்டிய நகரம் இது. பிறகு ஒருவர் கடையை மற்றவர் எரித்தபோது அந்தப் பழைய இழப்பு யாருக்காவது ஞாபகம் வந்திருக்குமா? இப்படியொரு கேள்வி காலடியில் கிடக்க, எங்கட புதிய எழுத்தாளர் துபாய் விமான நிலையத்தில் கதையைத் தொடங்குகிறார்.

மாவனல்லை ரிஷான் ஷெரிஃப் சிங்கள நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவருகிறார். சுநேத்ரா ராஜகருணாநாயகவின் 'அம்மாவின் ரகசியம்' அவர் மொழிபெயர்ப்பில்தான் நமக்குக் கிடைத்தது. சிங்களக் கிராமத்து மனிசரின் உள்வீட்டை நாம் தமிழில் வாசிக்க முடிகிறதென்றால் அது இப்படிப்பட்ட உழைப்பால்தான். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து எழுதுகிறவர்கள் அந்த மொழிபெயர்ப்புகளையாவது வாசிக்கவேண்டும்.

எல்லாம் குறைதான் என்றில்லை. அண்மையில் ஒரு கையெழுத்துப் பிரதி வாசிக்கக் கிடைத்தது. எழுதியவர் இன்னும் தொகுதி போடாத ஓர் இளம்பெண். ஒவ்வொரு ஏப்ரலிலும் சிங்களப் புத்தாண்டுக்கு எதிர்வீட்டிலிருந்து கெவுமும் கொக்கிஸும் ஒரு தட்டில் வரும். பெருநாளைக்கு அதே தட்டில் வட்டலப்பம் போகும். 2018 ஏப்ரலிலும் தட்டு வருகிறது, கலவரம் முடிந்து ஒரு மாதத்தில். கொண்டுவந்த சின்னப் பிள்ளை எப்போதும்போல நிற்கிறது. உம்மா வாங்குகிறார். பலகாரத்தை யாரும் தொடவில்லை, கொட்டவும் மனமில்லை. தட்டைக் கழுவிக் குசினியில் கவிழ்த்து வைக்கிறார். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை, நிரப்பிக் கொடுக்கவும் கை வரவில்லை. பெருநாள் மட்டும் அந்தத் தட்டு அங்கேயே கிடக்கிறது. ஒருநாள் மகள் அதில் சோறு போட எடுத்தபோது உம்மா போட்ட சத்தம் முழுக்க முழுக்க எங்கட பேச்சில் இருக்கிறது. வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். ஒரு கலவரம் ஒரு குசினிக்குள் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை இந்த வயதில் இவர் கண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு மூன்று பந்திகள் வருகின்றன. இன நல்லிணக்கம் பற்றி உம்மா மகளுக்குப் பிரசங்கம் பண்ணுகிறார், அதுவும் சுத்தமான எழுத்துத் தமிழில். கேட்டால், "இதில்லாட்டி போட்டிக்கு எடுக்கமாட்டாங்க டீச்சர்" என்றார். அந்த மூன்று பந்தியையும் வெட்டிவிட்டு, தட்டு கவிழ்ந்து கிடக்கிற இடத்திலேயே கதையை விடச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வெட்டவில்லை.