‘கடினமான முடிவு’: யாருக்குக் கடினம்?

தலைவர்களின் வரலாறுகளில் தவறாமல் இடம்பெறும் பாராட்டு ஒன்று உண்டு: ‘எதிர்ப்புக்கு அஞ்சாமல் கடினமான முடிவை எடுத்தார்.’ இந்த வாக்கியத்தில் தலைவர் மட்டுமே மனிதராக இருக்கிறார். முடிவு யார்மீது இறங்கியதோ அவர்கள் ‘எதிர்ப்பு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கரைந்துபோகிறார்கள். இந்தப் பாராட்டைக் கட்டுடைத்துப் பார்க்க, இளம்பிள்ளைத் தறிச் சத்தத்துக்கு நடுவே எழுதும் எனக்கு ராஜாஜியைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானவர். 1925இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் கண்டவர். 1937 அக்டோபர் 1இல் மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தவர்.

அவரைக் கோழை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1942இல் முஸ்லிம் லீகின் கோரிக்கையை ஏற்றுச் சமரசம் காண வேண்டும் என்றார். காங்கிரஸ் ஏற்கவில்லை. கட்சியையும் சட்டமன்ற இடத்தையும் துறந்து தனியே நின்றார். ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தையும் எதிர்த்தார். அது சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் அந்த முடிவுக்கான முதல் விலையை அவரே கொடுத்தார்.

1953 அப்படியல்ல. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்ற ‘திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்’ வந்தது. எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த ‘குலக்கல்வி’ என்ற பெயரே நிலைத்தது. ராஜாஜியின் தர்க்கம் வெறும் பிற்போக்கு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கு வெளியே ஏராளமான குழந்தைகள். கையில் பணம் இல்லை. இரண்டு வேளையாகப் பிரித்தால் அதே கட்டடத்தில், அதே ஆசிரியரைக்கொண்டு கூடுதல் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம். கணக்கு சரிதான். ஆனால் மிச்சப்படுத்த வேண்டிய பொருளாக ஏழைப் பிள்ளையின் நேரம்தான் அந்தக் கணக்குக்குள் வந்தது.

தறி வீட்டில் பிள்ளைக்குத் தொழில் சொல்லித்தர அரசாங்கம் தேவையில்லை. தார் சுத்துறதும் பாவுக்குக் கை கொடுக்கிறதும் நடை பழகின உடனே வந்துவிடும். தறி கூப்பிடாத ஓர் இடம் அந்தப் பிள்ளைக்கு இருந்ததென்றால் அது பள்ளிக்கூடம். திட்டம் கைவைத்தது அந்த இடத்தில்தான். இதே ராஜாஜிதான் அதே காலத்தில் சேலையையும் வேட்டியையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசிடம் வாதாடினார். இதை முரண்பாடு என்று கடந்துபோக எனக்கு மனமில்லை. இரண்டும் ஒரே பார்வையின் விளைவுகள்: தறி வாழ வேண்டும், நெசவாளி தறியிலேயே இருக்க வேண்டும். நெசவாளிக்காக உண்மையாகவே கவலைப்பட்டவர், நெசவாளியின் மகளுக்கு வேறு ஆசை இருக்கலாம் என்று கேட்டுப் பார்க்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? 1952இல் அவர் முதல்வரானது மக்கள் வாக்கால் அல்ல, மேலவை நியமனத்தால். அவ்வாண்டே உணவுக் கட்டுப்பாட்டைத் துணிந்து நீக்கினார், அது பலித்தது. தனியே எடுத்த முடிவு பலித்துவிட்டால் தனிமையே ஞானமாகத் தெரியத் தொடங்கும் என்பது என் வாசிப்பு. ‘பெரியவங்க யோசிக்காமலா செய்வாங்க?’ என்று நாமும் அதற்கு ஒத்து ஊதுவோம்.

சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்தில் வாக்குகள் சமமாகப் பிரிந்தன. திட்டம் நிபுணர் குழுவுக்குப் போனது. வெளியே திராவிட இயக்கத்தார் தெருவில் நின்றார்கள். 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார். மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது. அறிவித்தவர், தலைமைப் போட்டியில் காமராசரை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியம். இங்கே ‘நல்ல தலைவர் வந்தார்’ என்று கதையாடலை முடித்துவிடுவது எளிது. அது பழைய பாராட்டையே ஆள் மாற்றிப் பாடுவதாகும். அந்த முடிவைக் காமராசர் மட்டும் எழுதவில்லை. தெருவும் சேர்ந்து எழுதியது. அவர் அதைப் படிக்கத் தெரிந்தவராக இருந்தார்.

இன்னொன்று. ஒரே ஆண்டில் கஜானா நிரம்பிவிடவில்லை. ஆனாலும் பள்ளிகள் பெருகின. 1956இல் மதிய உணவு தொடங்கியது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊராரே பலகையும் கட்டடமும் தந்தார்கள். ‘வேறு வழியில்லை’ என்று சொல்லப்பட்ட இடத்தில் வழி இருந்தது. யாரிடம் கேட்பது என்பதுதான் மாறியது.

ராஜாஜியின் மேல் கல்லெறிந்து கைகழுவிக்கொள்ள இதை எழுதவில்லை. நம் சங்கங்களிலும் இயக்கங்களிலும் இதே குரல் கேட்கிறது. கூலி உயர்வுப் போராட்டத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு வந்து, ‘கடினமான முடிவுதான் தோழர், புரிஞ்சுக்குங்க’ என்கிறோம். நாளைக்குக் குறைந்த கூலியில் விசைத்தறி ஓட்டப்போகிறவர் அந்தப் பேச்சுவார்த்தை அறையில் இருந்தாரா? பின்வாங்க வேண்டிய நேரமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைத் தோற்கப்போகிறவர்கள் வாயால் முதலில் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் மறுத்தால் முடிவை மாற்றிக்கொள்ளும் இடமும் இருந்திருக்க வேண்டும்.

எதிர்ப்பைத் தாங்குவது மட்டும் துணிவு ஆகாது. தான் சுமக்காத விலையை அடுத்தவர் தலையில் ஏற்றுமுன் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசுவதற்கும் துணிவு வேண்டும். தலைமை பற்றிய நம் எழுத்துகளில் இந்த இரண்டாவது துணிவுக்கு இன்னும் ஒரு பெயர்கூட இல்லை.