நாங்கள் தூங்கவில்லை, பிரதர்

"சிலோன் கிறிஸ்தவங்க கொஞ்சம் டல்லு, பிரதர். ரோட்டுக்கு வரமாட்டாங்க." சென்னை எழும்பூர் நிலையத்துக்கு வெளியே, தோளில் துணிப்பையும் கையில் சிறு புதிய ஏற்பாடுகளுமாக நின்ற ஒருவர் என்னிடம் சொன்னது இது. என் பேச்சைக் கேட்டு முதலில் மலையாளியா என்றார். யாழ்ப்பாணம் என்றதும் இந்தத் தீர்ப்பு. அவர் இலங்கைக்கு வந்ததில்லை. எங்கள் பக்கத்திலிருந்து போன யாரோ ஒரு பாஸ்டர் அவர்களுடைய கன்வென்ஷனில் அப்படிப் பேசினாராம். பேசியவர் யாராக இருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு, அது கிடக்கட்டும்.

அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல வெயில். கடந்து போகிற ஒவ்வொரு கைக்கும் நேரே புத்தகம் நீண்டது: "ஃப்ரீதான் சார், வாங்கிக்கோங்க." பெரும்பாலானோர் பார்க்காமலே போனார்கள். ஒரு வாலிபன் வாங்கினான், பத்தடி நடந்தான், பழச்சாறு விற்கிற கடைப் பலகையில் வைத்துவிட்டுப் படியேறினான். இவர் போய் எடுத்தார், அட்டையில் பட்ட ஈரத்தைச் சட்டையில் துடைத்தார், அடுத்து வந்தவரிடம் நீட்டினார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அந்தப் பொறுமை எங்கள் சபையில் இரண்டொருவருக்குத்தான் இருக்கும்.

எனக்கும் ஒன்று தந்தார். சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவு. புதிய ஏற்பாட்டோடு சங்கீதமும் நீதிமொழிகளும். அட்டையில் இரண்டு கைப்பிடி வைத்த சாடியும் அதிலிருந்து எழும் சுடரும். நியாயாதிபதிகள் புத்தகத்தில் கிதியோனும் அவனுடைய முந்நூறு பேரும் பானைக்குள் தீவட்டியை ஒளித்துப் போனார்களே, அந்தச் சாடிதான். கடைசிப் பக்கத்தில் ஒரு விசுவாச அறிக்கை, அதன் கீழே பெயரும் தேதியும் எழுதக் கோடு. 1899இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில், ஊரூராக அலைந்த மூன்று விற்பனைப் பிரதிநிதிகள் தொடங்கிய கிதியோன் அமைப்பின் வெளியீடு இது. குருமாருக்காக அல்ல, வியாபாரிகளும் உத்தியோகம் பார்ப்பவர்களும் தங்கள் செலவில் நடத்துவதற்காக. 1908இல் மொன்டானாவில் ஒரு சிறு ஹோட்டலின் அறைகளில் வேதாகமம் வைத்ததுதான் அவர்களுடைய முதல் விநியோகம்.

இதே புத்தகம் யாழ்ப்பாணத்தில் கைமாறுகிற விதம் வேறு. ஞாயிறு ஆராதனை முடிந்து, மதியச் சாப்பாடு முடிந்து, பார்வையாளர் நேரத்துக்குப் போதனா வைத்தியசாலைக்குள் இரண்டு பேர் நுழைவார்கள். அநேகமாக இளைப்பாறிய ஆசிரியர்கள். விடுதித் தாதியிடம் முதலில் அனுமதி. பிறகு கட்டிலருகே போய்ப் புத்தகத்தை எடுக்கமாட்டார்கள், கதைப்பார்கள். "எந்த ஊர்? ஆற்றை மகன்?" இரண்டு நிமிடத்தில் ஓர் உறவோ, ஒரே பள்ளிக்கூடமோ அகப்பட்டுவிடும். "உங்கடை கொய்யா என்னோடை படிச்சவர் எல்லே!" அதற்குப் பிறகுதான் பை திறக்கும். "வாசிக்க விருப்பமெண்டால் வைச்சிருங்கோ. இல்லாட்டிப் பறவாயில்லை." சைவ நோயாளி அதை வாங்கித் திருநீற்றுச் சரையோடு சேர்த்துத் தலையணைக்குக் கீழே வைப்பதை நான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். வாங்காதவரிடமும் அடுத்த ஞாயிறு காயம் ஆறிவிட்டதா என்று கேட்பார்கள். எழும்பூரில் வாங்கியவரை மறுபடி காண வழியில்லை. இங்கே வாங்காதவரை நாளைக்குச் சந்தையில் காணவேண்டும். கை தானாக அடக்கம் கற்றுக்கொள்ளும்.

சொற்களும் இரு கரையிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. விடுதியில் வேதாகமம் கொடுத்தோம் என்று நான் சொன்னதும் எழும்பூர்க்காரர் ஹோட்டல் அறை என்று எடுத்துக்கொண்டார். எங்களுக்கு விடுதி என்றால் ஆஸ்பத்திரி வாட்டும்தான். அவர்கள் 'கைப்பிரதி ஊழியம்' என்பதை நாங்கள் துண்டுப்பிரசுரம் கொடுக்கப் போவது என்போம். அவர்களுக்கு எல்லாமே ஊழியம், எல்லோருமே பிரதர். எங்களிடம் வயது பார்த்து ஐயா, மாஸ்டர், அக்கா, தம்பி. பிரதர் என்கிற வழக்கம் எங்களுடைய புதிய சபைகளுக்கும் வந்துவிட்டது. கூடவே ஒலிபெருக்கியும் வந்தது. கோயில் திருவிழாக் கூட்டத்துக்குள் போய்ப் பிரசுரம் திணிக்கிற பழக்கமும் அந்தச் சபைகளில்தான் சிலரிடம் ஏறியிருக்கிறது. அதற்கு ஊர் முகம் சுளித்தால் நான் ஊரின் பக்கம்தான்.

சட்டமும் இதற்குள் இருக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையை வாய்விட்டே சொல்கிறது. மதம் மாற்றுகிற உரிமை அதில் அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் எல்லை போட்டாலும், பரப்புதல் என்கிற சொல் எழுத்தில் நிற்கிறது. எங்கள் அரசியலமைப்பில் வழிபாடும் அனுட்டானமும் போதனையும் உண்டு, பரப்புதல் இல்லை. பௌத்தத்துக்கு முதன்மை இடம் உண்டு. மென்சிங்கன் கன்னியர் சபையின் சட்டமூலத்தை 2003இல் பரிசீலித்த எங்கள் உயர் நீதிமன்றமும் (இந்திய வாசகர்கள் இதை உச்ச நீதிமன்றம் என்று வாசிக்கவேண்டும்) பரப்பும் உரிமைக்கு அரசியலமைப்பில் உத்தரவாதம் இல்லை என்றே கருதியது. 2004இல் ஜாதிக ஹெல உறுமய கட்சி கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம் சட்டமாகவில்லை. ஆனால் அதன் நிழல் போகவில்லை. தமிழ்நாடும் 2002இல் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்து 2004இல் கைவிட்டது. ஆகவே இலங்கையில் தெருவில் நின்று புத்தகம் நீட்டாதவனைச் சோம்பேறி என்பதற்கு முன், அவன் எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறான் என்றும் பார்க்கவேண்டும்.

எழுத்தில் உரிமை இருப்பதால் மட்டும் அங்கே எல்லாம் சுகம் என்றும் இல்லை. 2023 மார்ச்சில் டில்லி உலகப் புத்தகக் கண்காட்சியில், வேதாகமம் இலவசமாகக் கொடுத்த கிதியோன் அரங்குக்கு முன்னால் ஒரு கூட்டம் கோஷம் போட்டது, பதாகைகளைக் கிழித்தது. சென்னையில் அந்த அளவுக்கு நடப்பதில்லை என்று எழும்பூர்க்காரர் உறுதியாகச் சொன்னார். அவருடைய ஊரை அவருக்குத் தெரியும், நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பள்ளிக்கூட விஷயத்தில் இலங்கைக்குத்தான் என் ஓட்டு. இந்தியாவில் முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது 28ஆவது பிரிவு. எங்களிடம் சமயம் பாடத்திட்டத்திலேயே உண்டு. சைவப் பிள்ளை சைவநெறியும் கிறிஸ்தவப் பிள்ளை கிறிஸ்தவமோ கத்தோலிக்கமோ படித்துச் சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டும். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு ஓர் இலவச வேதாகமம் இங்கே பாடப்புத்தகமும்தான். அதன் ஓரங்களில் பென்சில் கோடு விழும், அட்டைக்கு மேலே பழைய கலண்டர்த் தாள் உறையாக ஏறும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் தாள் இல்லாமல், பத்திரிகையே கொப்பித் தாளில் அச்சாகி வந்த ஊர் இது. அச்சடித்த தாளைத் தெருவில் போட எங்களுக்குக் கை வராது. எழும்பூரில் கைப்பிரதிகள் செருப்புக்கடியில் கிடந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. அதில் அவருடைய பிழை ஒன்றுமில்லை, சனத்தொகை அப்படி.

வேதாகமத்தைத் தமிழாக்கி அச்சிட்ட கதையில் முதலிடம் தரங்கம்பாடிக்கு, அதில் சண்டையில்லை. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1714க்கும் 1715க்கும் இடையில் அங்கே அச்சானது. ஆனால் பிலிப் தெ மெல்லோவின் புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் வந்தது என்பதை அங்கே எத்தனை பேர் அறிவார்கள்? வேதாகமச் சங்கம் கொழும்பில் 1812இல், சென்னையில் 1820இல். பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர் ஒரு நெற்றிநிறைத் திருநீற்றுச் சைவர். 1847இலிருந்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் செய்ததும், பாதிரிமார் பிரசுரத்துக்குப் பதில் பிரசுரமாக அச்சிட்டு விட்டதும் அதே நாவலர்தான். கொடுக்கிறவனுக்கும் மறுக்கிறவனுக்கும் ஒரே தமிழ், ஒரே அச்சு வித்தை. இந்தப் பழக்கம் எங்களுக்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேல். போதாததற்கு, 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் ஓர் ஆதீனமே யாழ்ப்பாணம். அதன் முதற் பேராயர் சபாபதி குலேந்திரன் தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை நூலாகவே எழுதினார். எங்களைத் தூக்கத்தில் இருப்பவர்கள் என்று யாரும் சொல்லமுடியாது.

எங்கள் வீட்டுப் பெரிய வேதாகமத்தின் உள்பக்கத்தில் வெளியீட்டாளர் முகவரியாகப் பெங்களூர்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி எங்கள் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. விடுதிகளுக்குப் போகிற மாஸ்டர்மாருக்கு முழங்கால் நோகத் தொடங்கிவிட்டது. இளையவர்களில் பாதிப்பேர் கனடாவில், மீதிப்பேர் ஞாயிறும் டியூஷனில். பெட்டியில் புத்தகம் இருக்கிறது, கொண்டுபோகத்தான் கால் இல்லை. ஞாயிறு பின்னேரம் ஒரு மணித்தியாலம் தரக்கூடியவர்கள் உங்கள் சபைப் போதகரிடம் இந்தக் கிழமையே பெயர் கொடுங்கள்.