தராசுக்கு முன் ஒரு பட்டினி

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எடை 100 கிராம் கூடிப்போய் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் இறுதிப் போட்டியை இழந்தபோது தராசைத் திட்டாதவர்கள் குறைவு. இரண்டு நாள் கழித்து இன்னொரு இந்திய மல்யுத்த வீரர் அமன் செஹ்ராவத் வெண்கலம் வென்றார். அவர் பத்து மணித்தியாலத்தில் 4.6 கிலோ குறைத்ததைப் பத்திரிகைகள் வீரக்கதையாக எழுதின. இரண்டும் ஒரே பழக்கம். ஒன்று தப்பியது, ஒன்று தப்பவில்லை. அந்த வீரக்கதைதான் மகனின் மல்யுத்தப் போட்டிக் காலம் முழுக்கக் கூடவே அலையும் தகப்பன்மாருக்கு இப்போது கைகொடுக்கிறது: "ஒலிம்பிக்காரனே செய்யிறான், நம்ம பொடியன் செஞ்சா என்ன?"

கூடவே அலைவதை நான் குறை சொல்லவில்லை. கலஹாவிலிருந்து கண்டிக்கு விடியற்காலை பஸ் ஏறி, ஒரு நாள் சம்பளத்தை விட்டு, மண்டபத்தின் ஓரத்தில் நின்று கத்தும் தகப்பன் இல்லாவிட்டால் பல பிள்ளைகள் வலய மட்டத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். மல்யுத்தம் ரக்பியைப் போலப் பணக்காரப் பாடசாலைகளின் சொத்துமல்ல. எடைப் பிரிவு இருப்பதால் ஒல்லிப் பையனுக்கும் அதில் இடம் உண்டு. 2022இல் பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் 57 கிலோ பிரிவில் வெண்கலம் வென்ற இலங்கையின் நெத்மி பொருத்தொட்டகேவுக்கு அப்போது 18 வயது. மகள்களை மல்லுக்கு இறக்கிய மகாவீர் சிங் போகத்தை 'தங்கல்' படம் ஊரறியச் செய்தது; அவருடைய மகள் கீதா 2010இல் டெல்லி பொதுநலவாய விளையாட்டு விழாவில் தங்கம் வென்றதும் உண்மை. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொள்ள முடியாதது நிறுவைக்கு முந்திய அந்த இரண்டு நாள். பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு பையன். கையில் வெற்றுப் போத்தல். ஊறுகிற எச்சிலையெல்லாம் அதில் துப்பிக்கொண்டு வருகிறான். வியர்க்க வேண்டுமென்று சட்டைக்கு மேல் மழைக்கோட்டு. அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியும் சம்பலும் தகப்பனின் பையில் இருக்கிறது, நிறுத்து முடித்த பிறகு தருவதற்காக. 48 கிலோ பையனை 45இல் இறக்கினால் சுளுவாக வெல்லலாம் என்பது கணக்கு.

அந்த மூன்று கிலோ கொழுப்பல்ல, தண்ணீர். இரத்தத்திலிருந்தும் தசையிலிருந்தும் பிழிந்தெடுத்த தண்ணீர். உப்பும் கூடவே போகிறது. சிறுநீரகமும் இதயமும் அதற்கு விலை கொடுக்கின்றன. 1997இன் கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வாரங்களுக்குள் இப்படித்தான் செத்தார்கள். பிறகே அங்கு கல்லூரிப் போட்டிகளில் ரப்பர் உடையையும் நீராவி அறையையும் தடை செய்தார்கள். உயர்நிலைப் பாடசாலைகளில் போட்டிக் காலத்துக்கு முன்பே சிறுநீரைச் சோதித்து, உடற்கொழுப்பை அளந்து, இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் எடையை விதித்தார்கள். கலஹா வீதி மருத்துவ பீடம் உள்ள பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாகத்தான் போகிறது. போத்தலோடு போகும் பையனைக் காட்டி அங்கு யாரிடம் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார்கள்.

நம் ஊரில் இது இன்னும் கொடுமை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 வீதம். அன்று அந்தக் கணக்கில் வந்த பிள்ளைகள்தான் இன்று போட்டிக்கு வரும் வயதை எட்டுகிறார்கள். அரைவயிற்றோடு வளர்ந்த சமூகம், மிஞ்சிய அரைவயிற்றையும் பதக்கத்துக்காகக் காயப்போடுகிறது.

எல்லாரும் செய்கிறார்கள், நாம் மட்டும் விட்டால் தோற்போம் என்பார்கள். எல்லாரும் குறைத்தால் மோதுவது அதே பையன்கள்தானே? முன்பு தெம்போடு மோதியிருப்பார்கள், இப்போது தள்ளாடி மோதுகிறார்கள். லாபம் எவருக்கும் இல்லை. பையன் தானாகத்தான் பட்டினி கிடக்கிறான் என்ற சமாதானமும் வேண்டாம். பதினைந்து வயதுப் பையன் தகப்பனின் முகத்தைப் பார்த்துத்தான் சோற்றுத் தட்டைத் தள்ளுகிறான்.

பயிற்றுநர் புள்ளியை எண்ணுவார், பாடசாலை கேடயத்தை எண்ணும். பிள்ளை எத்தனை வேளை சாப்பிட்டான் என்று எண்ண வேண்டிய ஒரே ஆள் பெற்றவர். அவரும் தராசின் பக்கம் போய்விட்டால் பிள்ளையின் பக்கம் எவரும் இல்லை. அதைப் பாசம் என்று சொல்ல என்னால் முடியாது; பிள்ளையின் உடம்பை வைத்து ஆடும் சூதாட்டம் அது.

கல்வி அமைச்சு தவணை தொடங்கும்போதே ஒவ்வொரு வீரனையும் நிறுத்துப் பதிந்து, அதற்குக் கீழான பிரிவில் இறங்க விடாமல் தடுக்கலாம். அதற்குப் பெரிய செலவில்லை. அதுவரை பெற்றோருக்கு ஒன்று சொல்வேன்: பொடியனை வயிறாரச் சாப்பிட வைத்து நிறுத்துப் பாருங்கள். அந்த எடைதான் அவனுடைய பிரிவு. அதில் தோற்றால் தோற்கட்டும்.