மாடிக்கு ஒரு கம்பி: டெக்கோ எம்4 மெஷ் வைஃபையும் அறுபடும் லேப்டாப் இணைப்பும்

முத்தாபுதுப்பேட்டையிலும் ஆவடியைச் சுற்றிய மற்றப் பகுதிகளிலும் கீழும் மாடியுமாகக் கட்டிய தனி வீடுகள் நிறைய உண்டு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவே கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தளம். ஃபைபர் இணைப்பு கீழே ஹாலோடு நின்றுவிடும். வேலை பார்க்கும் லேப்டாப்போ மாடி அறையில் இருக்கும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் டிபி-லிங்க் டெக்கோ எம்4 போன்ற மெஷ் வைஃபை பெட்டிகளை வாங்குகிறோம். வாங்கிய பிறகும் மீட்டிங் நடுவே படம் உறைந்து நின்றால், பழி இணைப்பு தரும் கம்பெனி மீதோ லேப்டாப் மீதோ விழுகிறது. இப்படிப்பட்ட வீட்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த இரண்டையும் அல்ல. கீழ்ப் பெட்டிக்கும் மாடிப் பெட்டிக்கும் இடையே உள்ள காற்றுவழிப் பாதையைத்தான்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. யாரும் அரைமணி நேரத்தில் சோதித்துப் பார்க்கலாம். டெக்கோ ரவுட்டராக இயங்கும்போது அதன் வழக்கமான முகவரி 192.168.68.1. லேப்டாப்பின் கமாண்ட் பிராம்ப்ட்டில் முதலில் அந்த முகவரிக்கும், அடுத்து 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும் பிங் கொடுத்துப் பாருங்கள். முதலாவது சீராக இருந்து இரண்டாவது மட்டும் அறுபட்டால், கோளாறு வீட்டுக்கு வெளியே அல்லது மோடத்தில்; கம்பெனிக்குப் புகார் கொடுப்பது அப்போதுதான் நியாயம். முதலாவதே தள்ளாடினால் கோளாறு வீட்டுக்குள். அப்படியானால் மாடிப் பெட்டியோடு லேப்டாப்பை ஒரு லேன் கேபிளால் இணைத்து, அதே பிங்கை மறுபடி ஓடவிடுங்கள். இப்போது லேப்டாப்பின் வைஃபைக்கு வேலையே இல்லை. அப்படியும் தள்ளாட்டம் நிற்கவில்லை என்றால், மிஞ்சுவது இரண்டு பெட்டிகளுக்கும் இடையிலான பாதை ஒன்றுதான்.

அந்தப் பாதை ஏன் நலிகிறது என்பதற்குக் காரணம் பெட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. எம்4 இரண்டு அலைவரிசையில் இயங்குவது: 2.4 கிகாஹெர்ட்ஸில் 300 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ். இவை காகிதக் கணக்கு. பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ள இதில் தனி ரேடியோ கிடையாது. லேப்டாப்பிடம் வாங்கும் அதே ரேடியோ கீழ்ப் பெட்டிக்கும் அனுப்ப வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய முடியாததால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட்டில் எளிதில் தேய்ந்தும் போகும். குறுக்கே ஓர் இரும்பு பீரோ இருந்தால் இன்னும் மோசம். 2.4-க்கு இறங்கினால், ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அவற்றை அக்கம்பக்கத்து வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன.

“அதே அறையில் போன் நன்றாக ஓடுகிறதே, அப்படியானால் லேப்டாப்தானே கோளாறு?” என்ற கேள்வி நியாயமானது. ஆனால் எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்று முடிவெடுப்பது பெட்டி அல்ல, கருவிதான். பெட்டி யோசனை மட்டுமே சொல்ல முடியும். போன் ஒரு பெட்டியிலும் லேப்டாப் வேறொன்றிலும் தொற்றியிருக்கலாம். டெக்கோ செயலியில் கருவியின் பெயரைத் தொட்டால் அது தெரியும். கேபிள் போட்டதும் சீராகிவிட்டால் லேப்டாப்பைக் குற்றம் சொல்லலாம். அப்போது டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் மின்சிக்கன டிக்கை எடுத்துவிடுங்கள். இன்டெல் அடாப்டர் என்றால் ரோமிங் அக்ரசிவ்னெஸை ஒரு படி கூட்டுங்கள். மோடத்தின் சொந்த வைஃபையும் அணைந்திருக்கட்டும். இல்லையென்றால் லேப்டாப் அங்கே தாவிவிடும்.

“பெரிய பிளானுக்கு மாறினால் சரியாகாதா?” என்பது அடுத்த கேள்வி. ஆகாது. பிளான் ஹால் வரைக்கும் வரும் வேகத்தைத்தான் கூட்டும். தளத்தைத் துளைக்கும் அலையின் பலத்தைக் கூட்டாது. எல்லாவற்றையும் ரீசெட் செய்வதும் தீர்வல்ல. சற்று நேரம் ஓடும், கோளாறு எங்கே என்ற தடயம் அழிந்துபோகும்.

தீர்வு ஒரு கேட்6 கேபிள். “கம்பி இழுப்பதற்கா மெஷ் வாங்கினோம்?” என்று கேட்கலாம். வீடு முழுக்க ஒரே பெயர், மாடி ஏறும்போது தானாகப் பெட்டி மாறுவது ஆகிய மெஷ்ஷின் வசதிகள் எதுவும் கேபிளால் போய்விடாது. பெட்டிகளின் பேச்சு மட்டும் காற்றிலிருந்து கம்பிக்கு மாறும். எம்4-ன் ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு கிகாபிட் போர்ட் உண்டு. அதன் தம்பியான இ4-ல் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான்; வாங்குமுன் பெயரைச் சரிபாருங்கள். எலக்ட்ரீஷியனிடம் மின்சார ஒயர் போகும் குழாயைத் தவிர்த்து, மாடிப்படி ஓரமாகத் தனிக் குழாயில் கொண்டுபோகச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் எட்டு இழையும் சரியாகப் பொருந்தினால்தான் கிகாபிட் வேகம். ஓர் இழை விட்டாலும் 100-க்கு இறங்கிவிடலாம். மோடம், கீழ்ப் பெட்டி, மாடிப் பெட்டி மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். ஒன்று விட்டுப்போனாலும் கரண்ட் போனதும் மாடியில் இணைப்பு போய்விடும்.

ஆக, கான்கிரீட் தளம் குறுக்கிடும் வீட்டில் கேபிள் இழுத்தால் டெக்கோ எம்4 கொடுத்த காசுக்குத் தகும். இழுக்க வழியில்லையென்றால், பெட்டிகளுக்கெனத் தனி அலைவரிசை உள்ள டிரை-பேண்ட் மெஷ்ஷை வாங்குங்கள். எதை வாங்குமுன்னும், லேப்டாப்பை மாற்றுமுன்னும், அந்த இரண்டு பிங்கையும் ஒரு முறை ஓடவிட்டுப் பாருங்கள்.